எந்த முறை வைத்துப் பாட?

கருங்காலிப்பட்டிப் பேச்சித்தாயின் துக்கம் கைப்பேசிகளில் ஏறித் திருப்பூருக்கும் நாமக்கல்லுக்கும் குவைத்துக்கும் போய்ச் சேர்ந்த அந்த ஆவணியில், ஊரில் மழையும் விழவில்லை, சாவும் விழவில்லை. கரிசல் வாய் பிளந்து கிடந்தது, கிணற்றில் தவளைகூடக் கத்தவில்லை, சுற்றுப்பட்டியில் எந்த வீட்டில் உயிர் போனாலும் ஒப்பாரி சொல்ல முதல் ஆளாகக் கூப்பிடப்படும் பேச்சித்தாய், கூப்பிட ஆளில்லாமல் தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

கடைசியில் கூப்பிட்டது சண்முகக்கனிதான். கனி பட்டப்படிப்பு முடித்தவள், நாலு பேர் முன்னால் வாய் திறந்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறவள், கைப்பேசியில் எழுதும்போது மட்டும் விரல் நடுங்காதவள். கல்லூரிப் பேருந்தில் அவளும் பேச்சித்தாயின் ஒரே மகள் அனுசுயாவும் ஒரே சீட்டில் உட்கார்ந்து 'கரிசல் கலைக்கூடம்' என்று ஒரு வாட்சப் குழு தொடங்கியிருந்தார்கள். பேச்சு அனுசுயாவுடையது, எழுத்து கனியுடையது. அனுசுயா கோலம் போடுகிறவர்களையும் கும்மிப் பாட்டுக்காரிகளையும் பேசிப் பேசியே கேமரா முன்னால் உட்கார வைப்பாள், கனி அதற்குக் கீழே நாலு வரி எழுதிப் போடுவாள். கல்லூரி இரண்டாம் வருஷம் புரட்டாசியில் டெங்குக் காய்ச்சல் வந்து அனுசுயா போய்விட்டாள்.

அந்தச் சாவை ஊர் இன்னும் பேசுகிறது. பெண்கள் முடியை அவிழ்த்துப் போட்டு வட்டமாக உட்கார்ந்து பேச்சித்தாய் தொடங்கட்டும் என்று காத்திருந்தார்கள், அவள் தொடங்கவில்லை. ஊருக்கெல்லாம் அழுதவள் பெற்ற மகளின் தலைமாட்டில் வாயை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளை மீறி இன்னொருத்தி எடுத்துக் கொடுக்க யாருக்கும் மனம் வரவில்லை. கருங்காலிப்பட்டியில் ஒப்பாரி இல்லாமல் சுடுகாடு போன ஒரே பிள்ளை அனுசுயாதான். அன்றைக்குக் கிளம்பும்போது கனி, என்ன சொல்வதென்று தெரியாமல், "போயிட்டு வாரேன் அத்தை" என்று சொல்லிவிட்டாள். பெண்களெல்லாம் அவள் மேல் பாய்ந்தார்கள். "ஏட்டி, சாவு வீட்டுல சொல்லிக்கிட்டா போவாக? போயிட்டு வாரேன்னா மறுபடியும் ஒரு சாவுக்கு வாரேன்னுல்ல அர்த்தம்! பேசாம எந்திரிச்சுப் போ." கனி செருப்பைக்கூடப் போடாமல் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள்.

குழுவை அவள் மூடவில்லை. மூடினால் அனுசுயா இன்னொரு தடவை செத்துப்போவாள் என்று அவளுக்குத் தோன்றியது. முளைப்பாரியும் மண்குதிரையும் வில்லுப்பாட்டும் போட்டாள், சேவு பிழிகிற வீடியோவைப் போட்டபோது, சேவு கலையா பலகாரமா என்று இரண்டு நாள் சண்டை நடந்து ஆட்களும் கூடினார்கள். திருப்பூரில் பனியன் தைக்கிற லோகு இரண்டாவது அட்மின் ஆனார். வெளியூரிலிருந்து குரல் மட்டும் வரும் அந்த மனுஷருக்கு எதையும் நாளைக்கென்று வைக்கத் தெரியாது.

"தங்கச்சி, எல்லாம் போட்டாச்சு, ஒப்பாரி மட்டும் இல்ல. அதுவும் நம்ம மண்ணோட கலைதானே? இங்க இருக்கிற பிள்ளைகளுக்கு அழத்தெரியல, ஸ்டிக்கர் அனுப்புதுக."

கனி அம்மாவிடம் கேட்டாள். அம்மா கரண்டியோடு திரும்பினாள். "சாவு விழாத வீட்டுல ஒப்பாரியா? வாயைக் கழுவிட்டு வா."

ஆகவே ஊருக்கு வெளியே, ஓடாத பம்புசெட்டின் மோட்டார் ரூம் நிழலுக்குப் பேச்சித்தாயை அழைத்துப் போனாள். பேச்சித்தாய் வந்தாள், கனி கூப்பிட்டால் எங்கேயும் வருவாள், மகள் வயசுப் பிள்ளை என்று இவள் ஒருத்திதான் அவளுக்கு மிச்சம். ஆனால் உட்கார்ந்த பிறகு கையை விரித்தாள்.

"யாருக்குன்னு அழ தாயி? சும்மா வராது அது. செத்தது யாரு, அழுகுறவளுக்கு என்ன முறைன்னு தெரியணும். அப்பான்னா ஒரு மெட்டு, அண்ணன்னா ஒரு மெட்டு, தாலி கட்டுனவன்னா வேற. முறை வச்சாத்தான் வாயில வரும்."

எங்கிருந்து வந்தது அந்தத் துணிச்சல் என்று கனிக்கே தெரியவில்லை. "அனுவுக்குப் பாடுங்க அத்தை. இன்னும் பாடலைல்ல" என்றாள்.

 பேச்சித்தாய் முந்தானையை உதறித் தோளில் போட்டாள், கொண்டையை அவிழ்த்தாள், மகளே என்று தொடங்கினாள்.

பூவெடுக்கப் போன பொண்ணு
பொழுதடைஞ்சும் வரலியே
நீ வாரி வச்ச சீப்புல
ஈரம் இன்னும் காயலியே

மூடியிருந்த வாயில் இத்தனை நாள் சேர்ந்திருந்ததெல்லாம் அந்த மத்தியானம் வெளியே வந்தது. வேப்பமரத்தில் காக்கைகள் சத்தம் அடங்கின, வழியில் போன ஆட்டுக்காரர் ஆடுகளை விட்டுவிட்டு வெறும் தரையில் உட்கார்ந்தார். கேட்காதவள் கனி ஒருத்தி மட்டும்தான். காற்று இரைச்சல் விழுகிறதா, வெளிச்சம் முகத்தில் அடிக்கிறதா, பேட்டரி தாங்குமா என்று திரையையே பார்த்துக்கொண்டிருந்த அவளுக்கு, பாட்டில் ஒரு வரிகூடக் காதில் ஏறவில்லை. பாடி முடித்த பேச்சித்தாய் ஆடுகளுக்கென்று தொட்டியில் கொண்டுவந்து ஊற்றியிருந்த தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டாள், ஈரத்தைப் பிழிந்தாள், "வாரேன் தாயி" என்று சொல்லிப் போனாள், நாலு எட்டு வைத்துத் திரும்பி, "வாரேன்" என்று இன்னொரு தடவை சொன்னாள். அவள் அப்படித்தான், கனியைப் பிரியும்போதெல்லாம் இரண்டு மூன்று தடவை சொல்லாமல் தெருமுக்கைத் தாண்ட மாட்டாள்.

வீடியோ குழுவில் ஏறியது. மறுநாள் காலையில் குவைத்தில் வெல்டிங் வேலை பார்க்கும் அந்தோணி எழுதினார், 'சகோதரி, நேற்று கேட்டேன். கேட்டதிலிருந்து சாப்பிடும்போது கொத்தமல்லித் தழையை எடுத்துத் தட்டு ஓரத்தில் ஒதுக்கி வைக்கிறேன். எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது. ஒதுக்கி வைக்கும்போது அழுகை வருகிறது.' அனுசுயாதான் அப்படி ஒதுக்குவாள், பாட்டில் அது இல்லை. லோகு குரல் பதிவு போட்டார், "எனக்கு அந்தப் பிள்ளைக்குப் பசி வந்தா இடது காதைத் தேய்ச்சுக்கும்னு தெரியுது தங்கச்சி. எப்படித் தெரியுதுன்னு கேக்காத. தையல் மிஷின்ல உக்காந்தா கண்ணு மறைக்குது." சேலத்தில் பேருந்து ஓட்டும் ஒருவரால் பலூன்காரரைத் தாண்டி வண்டியை எடுக்க முடியவில்லை. நாமக்கல்லில் கோமளா என்கிற அம்மாள், கல்யாணமாகிப் பல வருஷமாகியும் பிள்ளையில்லாதவர், தன் இடது தொடை மரத்துப்போயிருப்பதாகவும், மூன்று வயசுக் குழந்தை தலைவைத்துத் தூங்கினால் எப்படிக் கனக்குமோ அப்படிக் கனப்பதாகவும், எழுந்திருக்க மனமில்லாமல் அடுப்பில் பால் பொங்கி அணைந்துவிட்டதாகவும் எழுதினார்.

யாரும் இதைப் பற்றி ஆச்சரியப்படவில்லை. ஒப்பாரி கேட்டால் துக்கம் ஒட்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதற்குத்தானே சாவு வீட்டுக்குப் போய்வந்தால் தலைமுழுகுகிறோம். குழுவில் நடந்த விவாதமெல்லாம் முழுக்கு பற்றித்தான். எண்ணெய் தேய்த்தா, சும்மாவா? வெந்நீர் ஆகுமா? காதில் மாட்டிக் கேட்டால் வீட்டுக்குத் தீட்டு உண்டா? "போனையும் முழுக்காட்டணுமா அண்ணே?" என்று ஒருவர் கேட்க, "உம்ம போனை முழுக்காட்டும், குட் மார்னிங் படம் வர்றதாவது நிக்கும்" என்றார் லோகு. கடைசியில் அவரே ஒரு அறிவிப்பை மேலே குத்தி வைத்தார்: ஒப்பாரிப் பதிவை வாசலுக்கு வெளியே நின்று கேட்கவும், கேட்டபின் தலைமுழுகவும், வெள்ளிக்கிழமை தவிர்க்கவும். குவைத் முகாமில் தண்ணீர் விடுகிற நேரத்துக்குச் சற்று முன்னால் ஆண்கள் வரிசையாகக் குழாயடியில் நின்று கேட்டார்கள், கேட்டுவிட்டு அழுதபடியே குளித்தார்கள். ஆனால் நேரில் கேட்ட ஆட்டுக்காரருக்குக் குளித்ததும் போய்விட்ட துக்கம், கைப்பேசியில் கேட்டவர்களுக்கு எத்தனை குடம் ஊற்றியும் போகவில்லை. போகட்டும் என்று அவர்களும் நினைக்கவில்லை. ஒருவர் பத்துப் பேருக்கு அனுப்பினார், அந்தப் பத்துப் பேரும் ஆளுக்கொரு குழுவுக்கு அனுப்பினார்கள், முகம் பார்த்திராத ஊர்களிலெல்லாம் அனுசுயாவுக்குச் சித்திகளும் மாமன்களும் முளைத்தார்கள். புரட்டாசியில் அவள் திதி வந்தபோது எங்கெங்கோ வீடுகளில் விளக்கேற்றி, கொத்தமல்லி போடாத ரசம் வைத்துப் படைத்தார்கள்.

கனிக்குப் பெருமையாக இருந்தது. நம்ம ஊர் ஒப்பாரியை உலகமே கேட்கிறது என்று எழுதினாள். மனைவியை இழந்த டீக்கடை அரியமுத்து ஒருநாள் அவள் வீட்டு வாசலில் வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். "எம் பொஞ்சாதிக்கும் ஒண்ணு எடுத்துப் போடு தாயி. நெஞ்சு கனமா இருக்கு. நாலு பேரு தூக்குனா நல்லாருக்கும்."

"நீங்க பாடுவீங்களா மாமா?"

"ஆம்பிளைக்கு எங்க அதெல்லாம் வருது?" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பேச்சித்தாய் மட்டும் நாளுக்கு நாள் லேசானாள். தீப்பெட்டி ஆபீசில் பாட்டுக் கட்டிச் சூப்பர்வைசரைக் கேலி செய்தாள், கோயில் கொடையில் ராட்டினம் ஏறி இறங்க மாட்டேன் என்றாள், உடம்பு பூசினாற்போல் ஆனாள். "விடுங்கட்டி, அவ சிரிச்சு எத்தனை காலமாச்சு" என்று ஊர் மகிழ்ந்தது. ஒருநாள் அவள் வீட்டில் கனி சாப்பிட உட்கார்ந்தபோது, ரசத்தில் கொத்தமல்லித் தழை பச்சைப் பசேலென்று மிதந்தது. மகள் பிறந்ததிலிருந்து அந்த வீட்டு ரசத்தில் மல்லி விழுந்ததில்லை, மகள் போன பிறகும் விழுந்ததில்லை. கனி அதைப் பார்த்தாள், ஆனால் கேட்கவில்லை. கேட்க வேண்டியதைக் கேட்பதற்குத்தான் அவளோடு எப்போதும் அனுசுயா இருந்தாள்.

தீபாவளிக்கு முன்னால் ஒரு காலை, பேச்சித்தாய் கைகளில் சுண்ணாம்போடு கனியின் வீட்டுக்கு வந்தாள். இடுப்பில் ஒரு படம், பிளாஸ்டிக் மாலை போட்டது.

"தாயி, வெள்ளையடிக்கேன். சுவத்துல இது கிடந்துச்சு. யாரு இந்தப் பிள்ள? சிரிச்சுக்கிட்டு நிக்கிறா, உன் வயசு, உன் கூட்டாளியாத்தான் இருக்கும். எங்க வீட்டுல எப்படி வந்துச்சுன்னு தெரியல. மாலை போட்டுல்ல இருக்கு, பாவம். இந்தா, நீயே வச்சிக்க."

கனி வாங்கிக்கொண்டாள்.  "அப்ப வாரேன்" என்றாள் பேச்சித்தாய், வாசலில் நின்று, "வாரேன் தாயி, சுண்ணாம்பு காஞ்சிரும்" என்றாள்.

அன்றைக்குக் கனி வீடியோவை அழித்தாள். அழித்து என்ன பயன், அது ஆயிரம் கைப்பேசிகளில் இருந்தது. பிறகு குழுவில் எழுதினாள், எழுதினாள், அழித்தாள், முதன்முறையாக அவள் விரல் நடுங்கியது. கடைசியில் இவ்வளவுதான் போனது: 'பேச்சித்தாய் அத்தைக்கு மகளைத் தெரியவில்லை. உங்களிடம் வந்தது அவருடையது. தயவுசெய்து திருப்பிக் கொடுங்கள். எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. உங்களிடம் இருப்பதை உங்கள் குரலில் சொல்லி அனுப்புங்கள், அத்தையைக் கேட்க வைக்கிறேன்.'

 குழுவில் சண்டை வந்தது. கலையைப் பகிர்ந்தது குற்றமா என்றார் ஒருவர். துக்கம் போனால் நல்லதுதானே, ஏன் தூங்குகிறவளை எழுப்புகிறாய் என்றார் இன்னொருவர். சிலர் ஒரு வார்த்தையும் சொல்லாமல் வெளியேறினார்கள், இன்னார் வெளியேறினார், இன்னார் வெளியேறினார் என்று திரை காட்டிக்கொண்டே இருந்தது, எடுத்துக்கொண்டதையும் கூடவே கொண்டுபோனார்கள். அந்தோணி முதல் குரலாக அனுப்பினார். லோகு அனுப்பினார், நடுவில் இரண்டு தடவை நிறுத்தி மூக்கைச் சிந்தினார். கோமளா அனுப்பவில்லை. கனி அழைத்துக் கேட்டாள், வாழ்க்கையில் முன்பின் தெரியாத ஒருவரை அவள் அழைத்துப் பேசியது அதுதான் முதல் தடவை.

"அக்கா, அதை மட்டுமாவது குடுங்க. மடியில தூங்குனது. அது பெத்தவங்களுக்குத்தானே."

"தர மாட்டேன் தங்கச்சி." கோமளாவின் குரல் தணிந்திருந்தது, குழந்தை எழுந்துவிடும் என்று பயந்தவர் பேசுவது போல. "நீ என்னைத் திட்டிக்கோ. எனக்குன்னு கனத்தது இது ஒண்ணுதான். சொல்லிட்டேன்னா இறங்கிப் போயிடும்."

கனி திட்டவில்லை. "தூங்கட்டும்க்கா" என்று வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பேச்சித்தாய் கனியின் வீட்டு நடுக்கூடத்தில் உட்கார்ந்தாள். சுவரில் அனுசுயாவின் படம் இருந்தது. கனி குரல்களை ஒவ்வொன்றாகப் போட்டாள். கொத்தமல்லியை ஒதுக்கி வைக்கிறவள், காதைத் தேய்த்துக்கொள்கிறவள், பலூன் வெடித்தால் பலூனுக்கு வலிக்குமா என்று கேட்டவள், மழைக்காலத்தில் அம்மாவின் சேலையைப் போர்த்திக்கொண்டு பாடம் படித்தவள், முதன்முதலாகச் சைக்கிளில் விழுந்ததை அம்மாவிடம் சொல்லாமல் மறைத்து, மறைக்க முடியாமல் தானே அழுதவள். பேச்சித்தாய் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள், உச்சுக்கொட்டினாள், பலூனுக்குச் சிரித்தாள், சைக்கிளுக்கு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். கனி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கேயாவது ஒரு இடத்தில், ஒரு குரலில், அந்த முகம் அசையும், என் பிள்ளை என்று கத்தும் என்று காத்திருந்தாள்.

எல்லாம் முடிந்தது. பேச்சித்தாய் பெருமூச்சு விட்டாள்.

"அருமையான பிள்ள. எவ பெத்தாளோ, நல்லா வளத்திருக்கா." படத்தைப் பார்த்தாள். "இருக்காளா தாயி, அந்தப் பெத்தவ?"

கனிக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. இருக்காங்க என்று சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. அதற்குப் பதிலாக, பம்புசெட்டில் வராதது, சாவு வீட்டில் வராதது, இத்தனை காலமும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்ததால் வராதது, இப்போது அடிவயிற்றிலிருந்து வந்தது. அவள் சத்தம் போட்டு அழுதாள்.

பேச்சித்தாய் அவளை ஒரு நிமிஷம் பார்த்தாள். தொழில் தெரிந்த பார்வை அது. எந்த வீட்டில் நுழைந்தாலும், கூட்டத்தில் துக்கம் யாருடையது, ஒப்புக்கு அழுவது யார் என்று ஒரே பார்வையில் கண்டுபிடிக்கிறவள் அவள்.

"இன்னும் அழலையா நீ?"

கனி இல்லை என்று தலையை ஆட்டினாள்.

"இப்படி வச்சிக்கிட்டு இருப்பாகளா?" பேச்சித்தாய் நகர்ந்து வந்து எதிரே உட்கார்ந்தாள். கொண்டையை அவிழ்த்தாள். முந்தானையை உதறித் தோளில் போட்டாள். இரண்டு கைகளையும் நீட்டிக் கனியின் தோள்களைச் சேர்த்துப் பிடித்தாள், சாவு வீட்டில் உரியவளைப் பிடிப்பது போல. "சொல்லு. எந்த முறை வச்சுப் பாட? கூடப்பிறந்தவளேன்னு பாடவா? தோழின்னா அதுக்குன்னு மெட்டு கிடையாது தாயி."

அடுக்களை வாசலில் அம்மா நின்றிருந்தாள். சாவு விழாத வீட்டில் ஒப்பாரியா என்று அம்மா கேட்பாள் என்று கனி நினைத்தாள். அம்மா கேட்கவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள், தன் கொண்டையையும் அவிழ்த்துப் போட்டு, இருவருக்கும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மகளேன்னு பாடுங்க அத்தை" என்றாள் கனி.

பேச்சித்தாய் பாடினாள். பிறத்தியார் வீட்டுச் சாவுக்குப் பாடும் அத்தனை பேரிலும் அவள் ஏன் பெரியவள் என்று கனிக்கு அன்றுதான் தெரிந்தது. கேட்ட குரல்களையெல்லாம் கோத்து, கொத்தமல்லியையும் காதையும் பலூனையும் மழைச் சேலையையும் வரிக்கு வரி வைத்து, மகளே மகளே என்று, தனக்கு யாரென்றே தெரியாத ஒரு பெண்ணுக்காக நெஞ்சில் அறைந்து பாடினாள். கனி இந்தத் தடவை ஒரு வரியையும் விடாமல் கேட்டாள். கைப்பேசி ஜன்னல் விளிம்பில் கவிழ்ந்து கிடந்தது. அதில் ஏதோ வந்து வந்து அதிர்ந்தது, யாரும் எடுக்கவில்லை.

பாட்டு முடிந்ததும் பேச்சித்தாய் எழுந்தாள். கொல்லைக் குழாயடிக்குப் போய்க் குடம் நிறையப் பிடித்துத் தலையில் ஊற்றினாள், இன்னொரு குடம் ஊற்றினாள், முடியைப் பிழிந்து முடிந்தாள். பிறத்தியார் துக்கம்தானே, தண்ணீரோடு போய்விடும். அவள் முகம் கழுவி வைத்த பாத்திரம் போல் வெறுமையாக இருந்தது.

கனி வாசற்படியில் நின்றாள். பேச்சித்தாய் ஈரச் சேலையோடு அவளைத் தாண்டிப் போனாள். படல் வரை போனாள். படலைத் திறந்தாள். இந்த இடத்தில்தான் அவள் எப்போதும் முதல் தடவை திரும்புவாள், தெருமுக்கில் இரண்டாவது தடவை. கனி வாயைத் திறந்து, திறந்தபடியே நின்றாள்.

வழக்கம் தெரிந்தவள் பேச்சித்தாய். வந்த வீடு எப்படிப்பட்ட வீடு என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. சொல்லிக்கொள்ளாமல், திரும்பிப் பார்க்காமல், முந்தானையிலிருந்து சொட்டும் நீர் தெருப் புழுதியில் ஒரு கோடாக விழுந்துகொண்டே வர, அவள் தன் வீட்டுக்கு நடந்தாள்.